கருப்பு அங்கிக்குள் ஒரு வெட்டி வேலை

வெட்டி என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. செத்த மாட்டைத் தூக்கு. சாவுச் சேதி சொல்லு. பறையடி. பிணத்தை எரி. கூலி கேக்காத, குடுத்தத வாங்கிக்க. இதுதான் வெட்டி. அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதைப் ‘பெகார்’ என்று சொல்லித் தடை செய்கிறது. அதற்கும் முன்பே, 1928இல், மகர்களின் தலைமேல் ஏற்றப்பட்டிருந்த வதன் என்கிற பரம்பரை ஊழியத்துக்கு எதிராகப் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் பாபாசாகேப். அவர் ஒரு வக்கீல் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த வெட்டி இன்றைக்கு உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு. நீதிமன்ற வளாகம். செய்கிறவனுக்குப் பெயர் ஜூனியர்.

இதைச் சொன்னால் சீனியர்களுக்குக் கோபம் வருகிறது. ‘நாங்கல்லாம் அப்படி வந்தவங்கதான், தொழில் கத்துக்கற இடத்துல காசு கேக்கலாமா’ என்கிறார்கள். அப்படி வந்தவர்கள் யார் என்று பார்த்தால் பாதிப்பேருக்கு அப்பா வக்கீல், மாமா வக்கீல், இல்லையென்றால் ஊரில் இருபது ஏக்கர் நஞ்சை. மூன்று வருஷம் கூலி இல்லாமல் கற்றுக்கொள்ள அவர்களால் முடியும். அத்தக்கூலிக்குப் போகிற ஆத்தா பெற்ற பிள்ளை மூன்று மாதம்கூடத் தாங்க முடியாது. கூலி இல்லாத தொழிற்பயிற்சி என்பது வாசலில் எழுதிப் போடாத இடஒதுக்கீடு. அது இருக்கிறவனுக்கு நூற்றுக்கு நூறு.

நான் கோட்டுப் போட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. முதல் கோட்டு கடனுக்குத் தைத்தது. சேர்ந்த ஆபீசில் சீனியர் கேட்ட முதல் கேள்வி சட்டம் பற்றியது அல்ல. “எந்த ஊருப்பா? ஊரா, காலனியா?” வாய்தா வாங்கிய நாளில் பஸ் காசு கிடைக்கும். வாங்காத நாளில் டீ. இதைக்கூட வறுமை என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. அந்த ஆபீசுக்கு வரும் வன்கொடுமை வழக்கெல்லாம் அடித்தவன் பக்கத்து வழக்கு. ஜாமீன் மனு தயாராகும்; கட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். எதிரே கோர்ட்டு வராண்டாவில் மண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் சாதிக்காரர், ஒருவேளை பெண்ணெடுத்த வகையில் உறவாகக்கூட இருக்கலாம். அவர் பக்கம் பேச ஒரு வக்கீல் இல்லை. அரசு வழக்கறிஞர் கட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். சேரியிலிருந்து வக்கீலுக்குப் படிக்க வைத்தால், சோற்றுக்கு வழியில்லாததால் ஆதிக்கச் சாதி ஆபீசில் போய் நின்று நமக்கு எதிராகவே மனு எழுத வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு தற்செயலானதா?

இப்போது என்னைத் தேடிவரும் தம்பி தங்கைகள் ‘பொதுநல வக்கீல் ஆகணும்ணே’ என்கிறார்கள். 2021இல் ஜெய்பீம் படம் வந்தபிறகு இன்னும் அதிகம். 1993இல் நடந்த ஒரு லாக்கப் கொலையும் அதற்காக வழக்காடிய கே. சந்துருவும் அந்தப் படத்தின் மூலம். நல்லது. ஆனால் படம் பார்த்துத் தைரியத்தைக் கற்றுக்கொள்ளலாம், வாடகை கட்டக் கற்றுக்கொள்ள முடியாது. எனவே கணக்கைப் பேசுவோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 15ஆம் பிரிவுப்படி சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆக ஏழாண்டு தொழில் செய்திருக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று என்றும் ஏழு என்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அனுபவம் வேண்டும்தானே? ஆனால் அந்த மூன்று வருஷத்துக்கும் ஏழு வருஷத்துக்கும் சோறு யார் போடுவது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை. ஏழாவது வருஷம் கோட்டோடு மிஞ்சி நிற்பவன் யாரோ அவன்தான் நம் பிணத்துக்கு நியாயம் கேட்கிற சிறப்பு வழக்கறிஞர். மிஞ்சி நிற்பவன்தான் பிறகு நீதிபதி. 2018 முதல் 2022 வரை உயர்நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு மூன்றுபேர்கூட இல்லை என்பது ஒன்றிய அரசே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு. ‘தகுதியான ஆள் கிடைக்கல’ என்று சொல்லுவான். தகுதி முதல் வருஷத்திலேயே பட்டினி கிடந்து செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்விட்டது என்று யாரும் சொல்லுவதில்லை.

பெண்பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். சட்டக் கல்லூரியில் நம் தெருப் பெண்கள் இன்று நிறையப் பேர் படிக்கிறார்கள். ஆபீஸ் வேலை ராத்திரி எட்டு ஒன்பது வரை. ஊருக்குக் கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு. டவுனில் அறை எடுத்துத் தங்கப் பணம் வேண்டும். பணம் இருந்தாலும் சாதி கேட்காமல் வீடு தருகிறவன் வேண்டும். ‘ஒரு ரூபா சம்பாதிக்காம எதுக்குடி டவுனுக்கும் ஊருக்கும் அலையுற’ என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இல்லை. கல்யாணம் முடிந்துவிடும், கோட்டு பெட்டிக்குள் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால் பொதுநல வழக்கின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானம் கட்டிய தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்கவில்லை. பி.யு.டி.ஆர். என்கிற ஜனநாயக உரிமை அமைப்பு எழுதிய கடிதத்தை உச்சநீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் 23ஆம் பிரிவின்படி கட்டாய உழைப்புதான், பசிகூட ஒரு கட்டாயம்தான் என்று பகவதி தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத பொதுநல வக்கீல் கிடையாது. அதை மனுவில் தட்டச்சு செய்து கொடுக்கிற ஜூனியருக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது கேட்காது.

கேட்டவர்கள் கேட்டதால் சில கதவுகள் திறந்தும் இருக்கின்றன. இவற்றைப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பார் கவுன்சில்கள் வாங்கியதோ பல மாநிலங்களில் 15,000க்கு மேல். ஒடிசாவில் 42,000த்தைத் தாண்டியது. சட்டத்தைக் காப்பாற்றப் பிறந்த அமைப்பே தன் சட்டத்தை மீறி வசூல் செய்தது. 2024 ஜூலை 30இல் உச்சநீதிமன்றம் இதைத் தடுத்தது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித்தர வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது. அடகு வைத்துக் கட்டினவர்கள் கட்டினதுதான்.

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயித்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது, ஆனால் பரிந்துரையாக. பரிந்துரை என்றால் தெரியாதா? கொடுத்தா குடு, குடுக்காட்டி போ. எந்த ஜூனியர் போய் சீனியர் மேல் புகார் கொடுப்பான்? கொடுத்தால் அடுத்த ஆபீஸ் எது?

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில் பட்டியல் சாதியினர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 2022 முதல் அந்த ஆணைக்குழுவே முழுநேர எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களை மாதத் தொகை கொடுத்து வேலைக்கு வைக்கிறது. விசாரணைக் கைதிகளில் ஐந்தில் ஒருவர் தலித்தாக இருக்கிற நாட்டில் இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டாமா? மனித உரிமை வேலை கற்க மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் 1995 முதல் இருக்கிறது. தேசியச் சட்டப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தயார் செய்ய 2010இல் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் ‘ஐடியா’ என்கிற அமைப்பைத் தொடங்கினார். தேர்வு ஆங்கிலத்தில், கட்டணம் ஆயிரக்கணக்கில். அந்தப் பள்ளிக்கூடங்களின் சுவர் அவ்வளவு உயரம். தமிழில் வழக்காட உயர்நீதிமன்றத்திலேயே முடியாது. 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டும் கிடைக்கவில்லை.

வன்கொடுமைச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு முக்கியம். ஜாமீன் உட்பட ஒவ்வொரு விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவர் வக்கீலையோ அமைப்பையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வராண்டாவில் மண்டைக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் இன்று உள்ளே வந்து பேசலாம். 1995ஆம் வருஷத்து விதிகளில் 4(5) என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தி அரசே பீஸ் கொடுக்கலாம். இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு சாட்சி. 2015இல் கொலை. விடாப்பிடியாக நின்றது பெற்ற தாய். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது, ப.பா. மோகன் சிறப்பு வழக்கறிஞரானார், 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை. வக்கீல் மாறினால் தீர்ப்பு மாறும்.

மேலவளவில் 1997 ஜூன் 30இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் வெட்டினார்கள். வழக்கு சேலத்துக்குப் போய் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது 2021இல், பதினெட்டு வருஷம் கழித்து. இரண்டிலும் விடாமல் நின்றவர் மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம். பதினெட்டு வருஷம்! அவரைப் போன்றவர்களை நாம் மேடையில் சால்வை போட்டுப் பாராட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் உயிரை ஒன்றிரண்டு மனிதர்களின் தியாகத்தின்மேல் தொங்கவிட்டிருப்பது பெருமையா? அவர்களுக்கு அடுத்து யார்?

இந்த இடத்தில் நான் வெளியே கை நீட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே பேச வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குப் போன் வரும். “தம்பி, ஸ்டேஷன்ல பசங்களப் புடிச்சி வச்சிருக்கான், கொஞ்சம் வந்துட்டுப் போ. நம்ம கேஸுதான?” போவேன். பெட்ரோல் என்னுடையது. அதே மாமாவுக்கு ஒரு வருஷம் கழித்து விபத்து நஷ்டஈடு கேஸ் வரும், நிலம் எடுப்பு இழப்பீடு வரும். பீஸ் வரக்கூடிய கேஸ். “அது பெரிய கேஸு தம்பி, டவுன்ல பெரிய வக்கீலாப் பாத்துக் குடுத்துட்டோம்.” பெரிய வக்கீல் என்றால் யார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரத்தம் சிந்தும் கேஸ் நமக்கு, காசு சிந்தும் கேஸ் அவனுக்கு. கட்சிகளும் இயக்கங்களும் இதில் சளைத்தவையல்ல. போஸ்டருக்கும் பந்தலுக்கும் லட்சம் செலவாகும், வக்கீலுக்கு மட்டும் ‘தோழர், சமுதாயத்துக்காகப் பண்ணுங்க’. இலவசமாக உழைப்பதுதான் உன் பிறவிக் கடமை என்று ஆண்டை சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பாபாசாகேப் தியாகி அல்லவா என்பார்கள். அவர் 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கியபோது தீண்டத்தகாத பாரிஸ்டரிடம் வழக்குத் தர ஆள் இல்லை. பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்திச் சம்பளம் வாங்கினார். அந்தச் சம்பளமும் சேர்ந்துதான் அவரை நீதிமன்றத்தில் நிற்க வைத்தது. 1927இல் தொடங்கிய மகத் குளத்து வழக்கை 1937இல் உயர்நீதிமன்றத்தில் ஜெயிக்கும்வரை பத்து வருஷம் தாக்குப்பிடித்தார். தியாகத்துக்கும் அடியில் ஒரு வருமானம் வேண்டும்.

ஆகவே நம் ஆசிரியர்களிடம், அலுவலர்களிடம், வங்கி ஊழியர்களிடம் நேராகக் கேட்கிறேன். இடஒதுக்கீடு கொடுத்த வேலையில் இருக்கிறீர்கள். அந்த இடஒதுக்கீட்டுக்கு எதிராக நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் நிற்பதற்கு உங்களுக்கு வக்கீல் வேண்டும். பத்துப் பேர் மாதம் 1,500 ரூபாய் போட்டால் 15,000. உயர்நீதிமன்றம் சொன்ன தொகை அது. அதில் ஒரு ஜூனியர் மூன்று வருஷம் நிற்பார். மாவட்டத்துக்கு ஐந்து பேர் என்றால் ஐம்பது ஊழியர் போதும். ஐவரில் மூவர் பெண்களாக இருக்கட்டும். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும், எந்தக் கட்சிக்கும் அதில் கை வேண்டாம். பணம் வாங்கும் ஜூனியருக்கு ஒரே நிபந்தனை: வன்கொடுமை வழக்கில் 15-ஏ பிரிவின்கீழ் நம் ஆட்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், அடித்தவன் பக்கத்துக் கட்டைத் தூக்கக்கூடாது. அப்புறம், உங்கள் வீட்டு நிலத்தகராறையும் விபத்து கேஸையும் பீஸோடு அவர்களிடமே கொடுங்கள்.

இதைச் செய்ய முடியாதவர்கள் தயவுசெய்து நம் பிள்ளைகளிடம் சேவை என்ற சொல்லை உச்சரிக்க வேண்டாம். கூலி இல்லாமல் உழைத்துத்தான் நம் பாட்டன் செத்தான். கோட்டுப் போட்ட பேரனும் அப்படியே சாகட்டும் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.