ஆற்றில் விடாதீர்கள்!

குட்டி நண்பர்களே, வண்ணமீன் கடையில் செவ்வால் கெளுத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நீளக் குட்டி. மீசையும் சிவப்பு வாலுமாக அழகாக இருக்கும். பகலில் தொட்டியின் மூலையில் பதுங்கிக் கிடக்கும். இரவில் விளக்கை அணைத்ததும் வேட்டை தொடங்கும். காலையில் பார்த்தால் தொட்டியிலிருந்த சின்ன மீன்களைக் காணோம்!

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று மீன் இது. 3 அடிக்கு மேலும் வளரும். வீட்டுத் தொட்டி போதாது. அப்போது, "பாவம், முல்லையாற்றில் விட்டுவிடலாமே" என்று தோன்றும். அது இரக்கமல்ல, நம் ஊர் மீன்களுக்குச் செய்யும் கேடு.

உலகில் வேறெங்கும் இல்லாத சில மீன்கள் தேக்கடி பெரியாற்றுப் பகுதியில் வாழ்கின்றன. அந்த ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி நுழைந்துவிட்டது. அதுவும் இரவில் இரை தேடும் மீன்தான். அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. அந்த ஏரித் தண்ணீர்தான் 1895 முதல் மலைச்சுரங்கம் வழியாக நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. வைகை அணைக்கும் போகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, வளர்ப்பு மீனான அரபைமா கேரள ஆறுகளில் வலையில் சிக்கியது. வெளியேறிய மீனைத் திரும்பப் பிடிப்பது எளிதல்ல.

குற்றம் மீன் மீது இல்லை. யோசிக்காமல் வாங்கும் நம் மீதுதான். வாங்கும் முன்பே கடைக்காரரிடம், "எவ்வளவு பெரிதாகும்? என்ன தின்னும்?" என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆறு, குளம், கண்மாய் எதிலும் விடாதீர்கள். செய்வீர்கள்தானே?