மறைப்பவரே பொறுப்பாளி



இங்கிலாந்தில் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பம் ஒன்று விடுமுறையில் வந்திருந்தபோது நம்மிடம் ஒரு கேள்வியை வைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் 'ஜியோகேச்சிங்' என்னும் விளையாட்டில் ஈடுபட்டுள்ளனர். இதுவரை பிறர் மறைத்த பெட்டிகளைத் தேடினார்கள். இனித் தாங்களே ஒரு பெட்டியை மறைக்க விரும்புகிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? உடனிருந்த பெரியவர்களில் ஒருவர், "புதையல் தேடுவதும் சூதாடுவதும் ஒன்றே; கூடாது" என்றார். மற்றொருவர், "சின்ன பிளாஸ்டிக் டப்பா! இதற்கெல்லாமா மார்க்கத்தைக் கேட்பது?" என்று சிரித்தார். இரண்டு பதிலும் தவறு என்பதே நம் நிலை. இரண்டாவது, முதலாவதைவிடப் பெருந்தவறு.

விளையாட்டு இதுதான். ஒருவர் நீர் புகாத பெட்டிக்குள் ஒரு குறிப்பேட்டை வைத்து, கண்ணில் எளிதில் படாத இடத்தில் மறைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் பதிகிறார். மற்றவர்கள் கைப்பேசியின் துணையோடு தேடிச் சென்று, ஏட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்ப வேண்டும். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே கறுப்பு வாளி ஒன்றை மறைத்து வைத்து, இடத்தை அறிவித்தார். மூன்று நாள்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகெங்கும் பல லட்சம் பெட்டிகள் மறைந்திருக்கின்றன.

முதலில், சூது என்றவருக்கு. சூதில் பணயம் உண்டு. ஒருவருடைய இழப்பே மற்றவருடைய ஆதாயம். இங்கே பணயமில்லை, இழப்பவரும் இல்லை. சில பெட்டிகளில் சிறு பொம்மைகளும் சாவிக்கொத்துகளும் இருக்கும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும் என்பதே வழக்கம். கண்டெடுத்த பொருளுக்குரிய 'லுக்தா' சட்டமும் இதற்குப் பொருந்தாது. லுக்தா என்பது உடையவர் தொலைத்த பொருள். இது உடையவரே மனமுவந்து வைத்த பொருள். தொழுகை தவறாமல், குடும்பத்தோடு நாலு மைல் நடந்து வருவதை எந்த ஆதாரத்தைக் கொண்டு தடுப்பது? விசாரிக்காமல் ஹராம் என்று சொல்வது பேணுதல் ஆகாது.

இனி, சின்ன டப்பா என்று சிரித்தவருக்கு. தேடுபவர் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். மறைப்பவரோ தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் தம் பொருளை விட்டுச் செல்கிறார். முன்பின் அறியாத மனிதர்களையும் அங்கே வரவழைக்கிறார். இவ்விரண்டுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுவது இந்த விளையாட்டின் விதிகளிலேயே உள்ளது. புதிய பெட்டிகளைப் பரிசீலிக்கும் தன்னார்வலர்கள் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். நாம் உண்மையில் எவரையேனும் கேட்டோமா என்பதை அல்லாஹ் பார்க்கிறான். விதிகளை ஏற்றுக்கொண்டதாக ஒப்புதல் அளித்துவிட்டுக் கேளாமல் மறைப்பது பொய்யன்றி வேறென்ன? "பூமி அல்லாஹ்வுடையது, மனிதனிடம் எதற்கு அனுமதி?" என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதப்படி அடுத்தவர் வயலில் ஆட்டை மேய்க்கலாம். அவர் வீட்டுத் திண்ணையில் கடை போடலாம். நம் ஃபிக்ஹு நூல்கள் பிறர் நிலத்தை அபகரிப்பதற்குத் தனிப்பாடம் வகுத்திருப்பது வீணாகவா?

கேளாமல் மறைப்பதன் விளைவு எதுவரை செல்லும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. 2011 ஜூலையில் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில் ஒரு டப்பாவை வெடிகுண்டென ஐயுற்றுக் காவல்துறைக்குச் செய்தி போயிற்று. ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். பிறகே அது விளையாட்டுப் பெட்டி என்று தெரிந்தது. ஒரு சின்ன டப்பா ஓர் ஊரையே கலங்கடித்தது.

இதைக் கேட்டதும் நம்மவர்கள், "தாடியும் தொப்பியுமாக நாம் பூந்தொட்டிக்கடியில் கைவிட்டால் என்ன ஆகும்? நமக்கு வேண்டாம்" என்பார்கள். அந்த அச்சத்தை நாம் கேலி செய்யவில்லை. அது அனுபவத்தில் பிறந்தது. ஆனால் அச்சம் நம் பிள்ளைகளுக்கு மார்க்கத் தீர்ப்பாகிவிடக் கூடாது. அண்டை வீட்டாரைத் திடுக்கிடச் செய்வது எவர் செய்தாலும் தவறு. ஆகவே அனுமதி கேட்பது எல்லோர்க்கும் கடமை. உள்ளிருப்பது தெரியும் பெட்டி, மேலே 'இது ஜியோகேச்சிங் பெட்டி' என்ற எழுத்து, கடைத்தெருவையும் பள்ளிக்கூட வாசலையும் விட்டு விலகிய இடம், கையில் அனுமதிக் கடிதம். இவை இருந்தால் நம் பிள்ளைகள் எவருக்கும் அஞ்சி ஒளிய வேண்டியதில்லை.

இடத்தைத் தேர்வதும் பொறுப்பே. முதல் வாளி பாதி மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு டப்பா பயறும் இருந்தது. இன்று இரண்டுக்கும் தடை. தோண்டினால் நிலம் கெடும். உணவு வைத்தால் விலங்குகள் வந்து பிறாண்டும். இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. சாந்தில்லாமல் கல்லடுக்கிய பழைய சுவரின் இடுக்கில் மறைத்தால், தேடி வருபவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லைப் பிடுங்குவார். மையவாடியில் மறைத்தால் கப்ருகளை மிதிப்பார்கள். அது எம்மதத்தார் மையவாடி ஆயினும் நம் நிலை ஒன்றே. மிதித்தவர் யாரோவாக இருக்கலாம். மிதிக்க அழைத்தவர் மறைத்தவரே.

எல்லாவற்றிலும் கனமானது பராமரிப்பு. மழையில் ஏடு நனையும்; மூடி உடையும். உரியவர் சென்று சீர்செய்ய வேண்டும், இயலாவிட்டால் அகற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. எண்ணிக்கை காட்டுவதற்காகப் பத்து, இருபது என்று மறைக்கிறார்கள்; பிறகு வீடு மாறிப் போய்விடுகிறார்கள். கவனிப்பாரற்ற பெட்டியின் பதிவை இணையத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். பதிவு நீங்கும், பெட்டி நீங்காது. அது அந்நாளிலிருந்து வெறும் குப்பை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கற்பிக்கும் சமுதாயம் நாம். நம் பிள்ளையே அந்த இடையூறை வைத்துவிட்டு வரலாமா?

ஆகவே அக்குடும்பத்துக்கு நாம் சொன்னது இது. பிள்ளைகள் முதலில் இருபது பெட்டிகளையாவது தேடிக் கண்டு, நல்லது எது, கெட்டது எது என்று அறியட்டும். பிறகு ஒரே ஒரு பெட்டியை மறைக்கட்டும். அனுமதிக் கடிதத்தைத் தந்தை எழுத வேண்டாம், பிள்ளையே எழுதட்டும். மாதம் ஒருமுறை நடந்து சென்று பார்க்கட்டும். வீடு மாறும் நாளில் முதலில் எடுத்துவர வேண்டிய பொருள் அப்பெட்டி. இவ்வளவுக்கு இயலாதென்றால் 2004 முதல் 'எர்த்கேச்' என்ற வகை உண்டு. அதில் பெட்டியே இல்லை. பாறையையும் மண்ணையும் உற்றுநோக்கி, கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும். படைப்பைச் சிந்திக்கச் சொல்லப்பட்ட நமக்கு அதிலும் பயனுண்டு.

அமானிதம் என்றதும் நாம் பணத்தையும் நகையையும் மட்டுமே நினைக்கிறோம். யாரும் காணாத இடத்தில் வைத்துவிட்டு வந்த சின்ன டப்பாவும் அமானிதம்தான். யாரும் கேளாமலே அதைத் திரும்பப் போய்ப் பார்க்கும் பிள்ளை, நாளை ஊர்ப்பொறுப்பு எதையும் தாங்கும், இன்ஷா அல்லாஹ்.