சொற்பட்டியல் மட்டும் மதிப்பெண் தராது

முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வின் மொழித்திறன் பகுதிக்கு ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வதே வழி, ஏற்காடு வெள்ளக்கடை போன்ற மலையூர்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது எட்டாது என்ற வாதம் தேர்வின் அமைப்புக்கே முரணானது. சொல்லறிவை நேரடியாகச் சோதித்த எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் 2011-லேயே நீக்கப்பட்டன. 2023 செப்டம்பர் முதல் இப்பகுதியில் 27 வினாக்கள், 41 நிமிடங்கள். ஏறத்தாழப் பாதி, பத்தியைப் படித்து விடையளிப்பவை.

கோடிட்ட இடத்தை நிரப்பும் எஞ்சிய வினாக்களும் வாக்கியத்தின் போக்கையே சோதிக்கின்றன. மூன்று கோடிட்ட இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் மதிப்பெண் இல்லை. 'ஆயினும்' என்ற பொருளுள்ள இணைப்பைக் கவனிக்கத் தவறினால், எல்லாத் தெரிவுகளின் பொருளும் தெரிந்திருந்தும் விடை தவறும்.

ஆகவே, நாள்தோறும் ஒரு கட்டுரையைப் படித்து அதன் வாதத்தை ஒரே வரியில், தமிழிலேனும், எழுத வேண்டும். தெரிவுகளைப் பார்க்குமுன் கோடிட்ட இடத்துக்குரிய சொல்லை ஊகிக்க வேண்டும். புதிய சொல்லை அது வந்த வாக்கியத்தோடு குறிக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எந்த வினாவையும் விடக்கூடாது. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. பயிற்சி தொடங்குமுன்பே மலையூர் மாணவரை விலக்கிவைப்பது அநியாயம்.