‘எஸ்52.531ஏ’: ஒரு கை முறிவும், தாம்பரத்து மெடிக்கல் கோடர்களின் வேலையும்

அமெரிக்காவில் ஒருவர் பனியில் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பு உடைகிறது. மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கான பில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போகும் முன், டாக்டர் எழுதிய குறிப்பை இன்னொருவர் படித்து, அதைக் குறியீடாக மாற்றியாக வேண்டும். அந்த இன்னொருவர் தாம்பரத்திலோ, வேளச்சேரியிலோ, பெருங்குடியிலோ ஷிஃப்ட்டில் இருக்கும் ஒரு மைக்ரோபயாலஜி பட்டதாரியாக இருக்கலாம்.

பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பிசியோதெரபி என லைஃப் சயின்ஸ் பக்கம் படித்துவிட்டு, புறநகரை விட்டு நகராமல் ஐடி கம்பெனி மாதிரியான வேலைக்குப் போக விரும்புபவர்களுக்கு மெடிக்கல் கோடிங் பல வருடங்களாக ஒரு வழி. இப்போது அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி: ‘ஏஐ வந்தா இந்த வேலை இருக்குமா?’ பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதைவிட, இந்த ஒரே ஒரு கை முறிவைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

ஏழு இடத்தில் என்ன இருக்கிறது?

அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ல் ஐசிடி-10-சிஎம் முறைக்கு மாறியது. அதில் இந்த முறிவின் குறியீடு எஸ்52.531ஏ. ‘எஸ்52’ என்றால் முன்கை எலும்பு முறிவு. அடுத்த ‘5’, கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை. ‘3’ என்பது காலிஸ் முறிவு. ‘1’ வலது கை. இடது என்றால் ‘2’. கடைசியில் வரும் ‘ஏ’, தோல் கிழியாத முறிவு, சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று சொல்கிறது.

(டப்ளின் சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்தது 1814-ல். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-ல்தான். கையைத் தொட்டுப் பார்த்தே சொல்லியிருக்கிறார் மனுஷன்.)

‘மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு’ என்று நாம் சொல்வதால், புதிதாக வருபவர்கள் மணிக்கட்டு எலும்புகளுக்கான எஸ்62-ஐத் தேடிப் போவது உண்டு. அது சின்னத் தடுமாற்றம். பெரிய குழப்பம் அந்தக் கடைசி எழுத்தில்தான். முன்கை முறிவுக்கு மட்டும் அந்த இடத்தில் 16 எழுத்துகள் வரலாம். ‘ஏ’ என்றால் முதல் விசிட் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள், அது தப்பு. நோயாளி நான்காவது முறை வந்து, வேறு டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டாலும், அது முறிவுக்கான நேரடி சிகிச்சை என்றால் ‘ஏ’தான். எலும்பு ஒழுங்காகக் கூடி வரும்போது கட்டு மாற்ற வந்தால் ‘டி’. கோணலாகக் கூடிவிட்டதால் மறுபடி ஆபரேஷன் என்றால்? சிகிச்சைதானே நடக்கிறது, ‘ஏ’ போடலாம் என்று தோன்றும். விதிப்படி ‘பி’ போட வேண்டும்.

டாக்டர் எழுதாததை யார் எழுதுவது?

இதுவரை சொன்னதை ஒரு நல்ல மென்பொருள் கற்றுக்கொள்ளும். கோடு பரிந்துரைக்கும் மென்பொருட்கள் பல கம்பெனிகளில் ஏற்கெனவே ஓடுகின்றன. சிக்கல், குறிப்பில் இல்லாத விஷயத்தில் ஆரம்பிக்கிறது.

தோல் கிழிந்ததா இல்லையா என்று டாக்டர் எழுதவில்லை என்றால், கிழியாதது என்றே எடுத்துக்கொள்ள விதி சொல்கிறது. எலும்பு நகர்ந்ததா என்று எழுதவில்லை என்றால், நகர்ந்தது என்று எடுக்க வேண்டும். எந்தக் கை என்பதை டாக்டர் விட்டிருந்தால் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஒருவர் வலது, இன்னொருவர் இடது என்று எழுதியிருந்தால் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது கஷ்டமான கேஸ். 70 வயதுப் பாட்டி, பாத்ரூமில் லேசாக வழுக்கி அதே எலும்பை உடைத்துக்கொள்கிறார். பழைய குறிப்பில் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம், என்று இருக்கிறது. ஆரோக்கியமான எலும்பு அந்த விழுகையில் உடையாது என்றால் எஸ்52 போடவே கூடாது. எம்80 வரிசைக்குப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் ஒரே மாதிரி தெரியும் முறிவு, ரெக்கார்டில் ‘விபத்து’ என்பதிலிருந்து ‘நோய்’ என்று மாறிவிடுகிறது. பாட்டிக்கு அடுத்து எலும்பு அடர்த்தி சோதனையும் மருந்தும் தேவை என்பதற்கான தடயமும் அந்தக் கோடுதான்.

இதைக் கோடர் தானாக முடிவு செய்ய முடியாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதிலும் ‘ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதிக்கொடுங்கள்’ என்று பதிலை ஊட்டக்கூடாது. குறிப்பில் இருப்பதை எடுத்துக்காட்டி, முறிவுக்குக் காரணம் என்ன என்று திறந்த மனதோடு கேட்க வேண்டும். எளிய சார்ட்டுகளை மட்டும் வேகமாகத் தட்டிக்கொண்டிருப்பவரின் இடத்தைத்தான் மென்பொருள் முதலில் எடுக்கும். முரண்பாட்டைக் கண்டுபிடித்துச் சரியான கேள்வி கேட்பவரை அவ்வளவு சீக்கிரம் நகர்த்த முடியாது. பயிற்சி மையத்தில் சேரும் முன், கோடு மனப்பாடத்தைத் தாண்டி உடற்கூறியலும் சார்ட் வாசிப்பும் சொல்லித் தருகிறார்களா என்று விசாரிப்பது நல்லது.

அதே கை தாம்பரத்தில் உடைந்தால்?

ஜிஎஸ்டி சாலையில் பைக் சறுக்கி அதே எலும்பு உடைந்தால், இங்கே நிலைமை வேறு. அமெரிக்கா தன் தேவைக்கு விரித்துக்கொண்ட பட்டியல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் இதற்கு ‘எஸ்52.5’ என்பதோடு முடிந்துவிடும். வலதா இடதா என்பதற்கு அதில் இடமே இல்லை. கோடு சொல்லாததை எல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரிதான் சொல்ல வேண்டும்.

மெடிக்ளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் ‘பி’ பகுதியில் ஐசிடி-10 குறியீட்டுக்குக் கட்டம் உண்டு. காயம் என்றால் காரணம் சாலை விபத்தா, மது காரணமா, போலீஸுக்குத் தகவல் போனதா, எஃப்ஐஆர் எண் என்ன என்ற கேள்விகளும் உண்டு. சம்மரியில் ‘வீட்டில் விழுந்தார்’ என்றும் படிவத்தில் ‘சாலை விபத்து’ என்றும் இருந்தால், இன்சூரன்ஸ் தரப்பு கேள்வி கேட்காமல் விடாது.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லை மட்டும் பார்க்காமல் சம்மரியையும் ஒரு முறை படித்துவிடுங்கள்: எந்தக் கை, எந்த எலும்பு, எப்படி விழுந்தார், என்ன தேதி. தப்பு இருந்தால் அங்கேயே டாக்டரிடம் சொல்லித் திருத்தி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகு அதே திருத்தத்துக்கு, கட்டுப்போட்ட கையோடு திரும்பவும் அலைய வேண்டியிருக்கும்.