கணவரின் வரியும் மனைவியின் நகையும்



கீரிப்பாறை ரப்பர் தோட்டப் பகுதியில் வாழும் நண்பர் ஒருவருக்குப் பல்லாண்டுச் சம்பள நிலுவை மொத்தமாகக் கிடைத்தது. மறு ஆண்டு, எதிர்பாராத வருமான வரிக் கோரிக்கை வந்தது. அறிவிப்பை மனைவியிடம் மறைத்தவர், காரணம் கூறாமல் அவருடைய நகையைக் கேட்டார்.

நிலுவையை உரிய ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கிட்டு, வரிச்சுமையைக் குறைக்கும் நிவாரணத்தை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வகுத்தது. அதற்குரிய படிவத்தை நண்பர் தாக்கல் செய்யவில்லை. எனினும் வழி அடைபடவில்லை. கோரிக்கை பிழையெனில் மறுக்கலாம். சரியெனில் 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். இயலாதவர் அக்கெடு முடியுமுன் தவணை கோரலாம். தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி சேரும். வட்டியை அஞ்சும் நாம் தாமதத்தை அஞ்ச வேண்டாமா?

நகையின் செய்தி வேறு. நாட்டின் வரிச் சட்டம் கணவரையும் மனைவியையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறது. ஷரீஅத்தும் மனைவியின் பொருளை அவருக்கே உரியதாக்கியுள்ளது. மஹரைக்கூட அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றிக் கணவர் அனுபவித்தலாகாது (4:4). கடனாகத் தருவாராயின் அதனை எழுதி வைத்தல் திருமறையின் கட்டளை (2:282).

தம்பதியர் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது திருமறை (2:187). ஆடையிடம் உடல் எதனை மறைக்க இயலும்? நகையைக் கேட்குமுன் அறிவிப்பைக் காட்டுங்கள். நண்பர் அவ்வாறே செய்தார். தவணைக்கான விண்ணப்பத்தை மனைவியே எழுதிக்கொடுத்தார்.