வெட்கத்தின் விலை: டென்மார்க் தமிழ் ஆண்களின் உடலும் உளமும்

டென்மார்க்கின் யூலன்ட் பகுதியிலுள்ள நகரங்களின் நீச்சல் மண்டபங்களுக்கு வார இறுதியில் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். பிள்ளைகள் நீரில் துள்ளி விளையாடுவர். டெனிஷ் தந்தையர், தொந்தி பெருத்தவர் உட்பட, அவர்களோடு இடுப்பளவு நீரில் நிற்பர். தமிழ்த் தந்தையோ குளிர் அங்கியைக்கூடக் கழற்றாது, பிள்ளையின் துவாய்ப் பையை மடியில் வைத்தபடி பார்வையாளர் வாங்கில் அமர்ந்திருப்பார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால் தடிமன் என்பார், முழங்கால் நோ என்பார். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. நீருக்குள் இறங்குமுன் பொதுக் குளியலறையில் உடுப்பு முழுவதையும் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே நீச்சலுடை அணியவேண்டும் என்பது டெனிஷ் நீச்சல் மண்டபங்களின் விதி. சில மண்டபங்களில் திரையிட்ட குளிப்பறைகள் உண்டு. இருந்தாலும் முதல் நாள் அடைந்த கூச்சம் பலரை மறுமுறை அந்தப் படியேற விடுவதில்லை.

அந்த வாங்கில் அமர்ந்திருப்பவர் தண்ணீரை அறியாதவர் அல்லர். கிணற்றடியில் துலா மிதித்து வளர்ந்த தலைமுறை அது. கீரிமலைக் கேணியில் குதித்தவர்களும் வடமராட்சிக் கடலில் நீந்தியவர்களும் அத்தலைமுறையில் ஏராளம். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971இல் அதே நீரிணையை இரு திசையிலும் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தனும் இவர்களுடைய ஊரவர்கள். ஆனால் ஊரில் இடுப்பில் ஒரு சாரமோ கோவணமோ இருந்தது. வெட்கத்திற்கும் இடமிருந்தது, தண்ணீருக்கும் இடமிருந்தது. டென்மார்க்கில் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதாயிற்று. ஆண்கள் வாங்கைத் தெரிவு செய்தனர்.

நீச்சலோடு இது நின்றிருந்தால் எழுதுவதற்கு எதுவுமில்லை. அதே வாங்கில்தான் அம்மனிதர் வைத்தியரின் அறையிலும், உடற்பயிற்சி நிலையத்தின் வாசலிலும், சொந்த வீட்டின் உரையாடலிலும் அமர்ந்திருக்கிறார். வெட்கம் உடலை அசையவிடாது தடுக்கிறது. அசையாத உடல் உளத்தை வாட்டுகிறது. வாடிய உளத்தைப் பற்றி வாய் திறக்கவும் அதே வெட்கமே தடையாகிறது. இந்த வெட்கத்திற்கு 'மானம்' என்ற மரியாதையான பெயரைச் சூட்டி வைத்திருப்பதால் எவரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

இந்த மௌனத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் டென்மார்க்கை வந்தடைந்த தமிழருள் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். மனைவியையும் பிள்ளைகளையும் பின்னர் அழைக்கலாம் என்ற நம்பிக்கையில் தனியாகப் புறப்பட்டவர்கள் அவர்களில் பலர். டெனிஷ் வெளிநாட்டவர் சட்டம் அந்த உரிமையை அவர்களுக்கு வழங்கியிருந்தது. ஆனால் 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடுமாறு பணித்தார். அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படையின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. விண்ணப்பித்தவர்கள் காத்திருந்தனர். தாம் ஏன் காக்கவைக்கப்படுகிறோம் என்பதுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'தமிழர் விவகாரம்' எனப் பின்னர் பெயர்பெற்ற அந்தச் சட்டமீறல் 1993 சனவரியில் விசாரணை அறிக்கையாக வெளிவந்தபோது பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹன்சனுக்கு அரச குற்ற நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

இந்த வரலாறு டெனிஷ் அரசியல் நூல்களில் அமைச்சர்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. காத்திருந்த ஆண்களின் கதையாக அதைச் சொன்னவர் குறைவு. "எப்போது எங்களைக் கூப்பிடுவீர்கள்?" என்று கடிதம் வந்தபோது விடை சொல்ல முடியாதிருந்த கணவனின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டத்தை மீறியது அமைச்சு. இயலாதவனாக உணர்ந்தது கணவன். 'ஏலாதவன்' என்ற சொல்லைத் தன்மீது தானே எழுதிக்கொண்ட பலர், குடும்பம் வந்துசேர்ந்த பின்னரும் அதை அழிக்கவில்லை. இரவு வேலை, மேலதிக வேலை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என்று தம்மை ஓயாது அலுவலில் வைத்திருந்தனர். உழைக்கும் கை இருக்கும்வரை எவரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்பது அவர்களது கணக்கு.

வேறு சிலர் சுமந்து வந்தது இதைவிடக் கொடியது. 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, லண்டனில் சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான மருத்துவ நிலையத்திற்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களைப் பற்றியது. அவர்களில் 38 பேர் தடுப்புக் காவலில் பாலியல் வதைக்கு உள்ளானதாகக் கூறினர். ஐவரில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலான விகிதம் அது. அதுவும் வாய் திறந்து கூறியவர்களின் தொகை மட்டுமே. சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மறுவாழ்வு நிலையம் கொப்பன்ஹேகனில் வைத்தியர் இங்க கெனெப்கவின் முயற்சியால் 1982இலேயே நிறுவப்பட்டுவிட்டது. இன்று 'டிக்னிட்டி' என்ற பெயரில் இயங்கும் அந்நிறுவனம், தமிழ் அகதிகள் பெருமளவில் வருவதற்கு முன்பே டென்மார்க்கில் இருந்தது. உதவி இல்லாமையல்ல, உதவி கேட்பதே அவமானம் என்ற எண்ணமே பலரை அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வதைத்தவனுக்குரிய அவமானத்தை வதைபட்டவன் சுமப்பதைவிடப் பெரிய அநீதி எது?

தமிழர் தம் உளத்தின் நோவை உடலின் நோவாகவே வைத்தியரிடம் எடுத்துச் செல்கின்றனர் என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வருகிறார். தலையிடி, நெஞ்செரிவு, கைகால் உளைவு, நித்திரையின்மை, 'ஏதோ ஒரு மாதிரி' என்ற சொற்களுக்குப் பின்னால் சோகம் மறைந்திருக்கலாம். யாழ்ப்பாணத்து வைத்தியர் இதைப் புரிந்துகொள்வார். பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்கியுள்ள டெனிஷ் குடும்ப வைத்தியர் நோமாத்திரை எழுதித் தந்துவிடுவார்.

மொழியும் இங்கே குறுக்கே நிற்கிறது. 2018 யூலை 1 முதல், டென்மார்க்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதாயின் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. தொழிற்சாலை டெனிஷ் மொழியில் முப்பது ஆண்டுகள் சமாளித்த ஒருவருக்குத் தன் உள்ளத்து நிலையை விளக்கும் சொற்கள் அம்மொழியில் இராது. ஆகவே மகளோ மகனோ உடன் செல்கின்றனர். மகளை அருகில் இருத்திக்கொண்டு எந்தத் தந்தை தன் தாம்பத்தியக் குறைபாட்டைச் சொல்வார்? வாழப் பிடிக்கவில்லை என்று எந்தத் தந்தை தன் மகன் வாயாலேயே மொழிபெயர்க்கச் செய்வார்? நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் ஆண்மைக் குறைவுக்கு முக்கிய காரணிகள். அக்குறைபாடு இருதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். மறைக்கப்பட்ட அந்த ஒரு வாக்கியம் உயிர்காக்கும் வாக்கியமாக இருந்திருக்கக்கூடும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோயன்று. சுவீடனின் கொட்லன்ட் தீவில் 1980களின் தொடக்கத்தில் குடும்ப வைத்தியர்களுக்கு மனச்சோர்வை இனங்காணும் பயிற்சி அளிக்கப்பட்டது. தீவில் தற்கொலைகள் குறைந்தன. ஆனால் குறைந்தவை பெரும்பாலும் பெண்களின் தற்கொலைகள். ஆண்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. காரணத்தைத் தேடிய உளமருத்துவர் வொல்ப்காங் ரூட்ஸும் அவருடன் பணியாற்றியோரும், மனச்சோர்வுற்ற ஆண் அழுவதில்லை, எரிந்து விழுகிறான், குடிக்கிறான், வேலையில் மூழ்குகிறான், வைத்தியரிடம் வருவதேயில்லை என்பதைக் கண்டனர். டென்மார்க்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 600 பேர் தம்முயிரை மாய்த்துக்கொள்கின்றனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். தமிழ்க் குடும்பங்களில் அத்தகைய மரணம் 'மாரடைப்பு' என்ற சொல்லுக்குள் மூடப்படுவதும் உண்டு. அப்பா 'கோபக்காரர்' என்று மட்டும் அறிந்து வளர்ந்த பிள்ளைகள் கொட்லன்ட் ஆய்வைப் படித்தால் தம் வீட்டை வேறு கண்ணால் பார்க்கக்கூடும்.

உடலின் கணக்கும் தமிழருக்குச் சாதகமானதன்று. தென்னாசியருக்கு நீரிழிவு ஐரோப்பியரைவிட இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே தோன்றுகிறது. அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் வகுத்த அளவுகோலின்படி ஐரோப்பிய ஆணின் இடுப்புச் சுற்றளவுக்கு எச்சரிக்கை எல்லை 94 சென்ரிமீற்றர். தென்னாசிய ஆணுக்கோ அது 90. டெனிஷ் சக தொழிலாளியின் தொந்தியைப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொள்பவர் தவறான அளவுநாடாவைப் பிடித்திருக்கிறார். நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு கூடுதலாக வருகிறது, மனச்சோர்வு உள்ளவருக்கு நீரிழிவும் கூடுதலாக வருகிறது. மறுதலையாக, உடல் அசைந்தால் உளமும் தெளிகிறது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுற்ற 156 மூத்தோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பதினாறு வாரங்களின் முடிவில் ஒழுங்கான உடற்பயிற்சி மனச்சோர்வு மாத்திரைக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தந்திருந்தது. மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடலாம் என்பது இதன் பொருளன்று.

பிள்ளைகளின் வெட்கம் வேறு வடிவம் எடுத்துள்ளது. தந்தை உடலை மறைக்கிறார். மகன் உடலைக் காட்டவேண்டிய கட்டாயத்தில் வாழ்கிறான். மண்டபத்துக் கலியாணங்களில் 'என்ன தம்பி, வண்டி வைச்சிட்டுது' என்று வரவேற்கும் மாமாமாரும், 'மெலிஞ்சு போனாய், வருத்தமோ' என்று கேட்கும் மாமிமாரும் அன்பாகவே அவ்வாறு சொல்கின்றனர். பதினாறு வயதுச் சிறுவன் அதை அன்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவன் உடற்பயிற்சி நிலையமே கதியென்று கிடக்கிறான், இன்னொருவன் அறைக் கதவைப் பூட்டிக் கணினிக்கு முன் ஒளிகிறான். இருவரையும் அங்கே அனுப்பியது ஒரே சொல்லாக இருக்கலாம். தமிழ் விளையாட்டு விழாக்களையும் பாருங்கள்: ஓடுவோர் எல்லோரும் பிள்ளைகள், தந்தையர் கொட்டகைக்குள் கொத்துரொட்டியோடு. மாலையில் கயிறிழுத்தலுக்கு மட்டும் எழுந்து, மறுநாள் நாரிப்பிடிப்போடு வேலைக்குச் செல்வர்.

ஆனால் அதே தந்தையரைக் கோடைகாலத்தில் ஹேர்னிங் விநாயகர் ஆலயத்திலோ பிறாண்டே அபிராமி அம்மன் ஆலயத்திலோ திருவிழா நாளில் காண வேண்டும். வெற்றுடம்பும் வேட்டியுமாக, பெருத்த வயிறும் நரைத்த மார்பும் வெயிலில் தெரிய, பெருங்கூட்டத்தின் நடுவே தேர்வடம் பிடிக்கின்றனர், காவடி ஆடுகின்றனர், நிலத்தில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்கின்றனர். அங்கே எவருக்கும் கூச்சமில்லை. பக்கத்தில் நிற்பவனும் தன்னைப் போன்றவன் என்பதே காரணம். ஆண்மகனின் இயல்பில் ஊறியது இவ்வெட்கம் என்ற வாதம் தேர்முட்டியிலேயே பொய்த்துப் போகிறது. இடமும் துணையும் மாறினால் அது கழன்று விழுகிறது.

டெனிஷ் ஆண்கள் இதனை உணர்ந்து செயற்படுகின்றனர். அவுஸ்திரேலியாவில் தொடங்கிய 'ஆண்களின் கொட்டில்' என்ற முயற்சியைத் தழுவி, டென்மார்க்கின் பல நகரங்களில் ஆண்களுக்கான சந்திப்பிடங்கள் இயங்குகின்றன. அங்கு எவரும் வட்டமாக அமர்ந்து மனம் திறக்கும்படி கேட்பதில்லை. தோளோடு தோள் நின்று சமைக்கின்றனர், மரவேலை செய்கின்றனர், நடக்கின்றனர். பேச்சு தானாக வருகிறது.

தமிழ்ச் சங்கங்களுக்கு இது கடினமானதன்று. பதிவுபெற்ற சங்கங்களுக்குக் கொம்யூன்கள் விளையாட்டு மண்டபங்களை ஒதுக்கித் தருகின்றன. பிள்ளைகளின் உதைபந்தாட்டத்திற்கும் நடன வகுப்பிற்கும் பெறும் நேரத்தோடு, ஐம்பது வயதைக் கடந்தோருக்கென நீச்சல் மண்டபத்தில் வாரம் ஒரு மணிநேரத்தையும், திரையுள்ள குளிப்பறையையும் கேட்டுப் பெறலாம். தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகள் படிக்கும் இரண்டு மணிநேரமும் வாகனத்துக்குள் அமர்ந்து தொலைபேசியைப் பார்க்கும் தந்தையர் ஒன்றுசேர்ந்து நடந்தாலே பத்துக் கிலோமீற்றர் ஆகிவிடும்.

பிள்ளைகள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்தமுறை தந்தையோடு வைத்தியரிடம் செல்கையில், தொடக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, "அப்பா உங்களோடு தனியே பேச விரும்பக்கூடும், வேறு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்ய முடியுமா?" என்று கேட்டு வெளியே வந்து அமரலாம். கட்டணம் கேட்டால் அதைப் பிள்ளையே செலுத்தலாம். மனச்சோர்வுக்குக் குடும்ப வைத்தியரின் சிபாரிசுக் கடிதம் இருந்தால் உளவியலாளரின் செலவில் ஒரு பகுதியை அரசு பொறுப்பேற்கும். வைத்தியருக்கும் உளவியலாளருக்கும் இரகசியம் காக்கும் சட்டக் கடமை உண்டு, ஊருக்குள் கதை பரவாது. உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றுவோர் 'லிவ்ஸ்லினியன்' உதவிச் சேவையை 70 201 201 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அங்கே பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை.