பெரட்டில் விடுபட்ட பெயர்

"குழுவிலிருந்து வெளியேறினார்." புலனத்தில் இந்த வரியைக் காணாதவர் நம்மில் உண்டா? 2022-ஆம் ஆண்டு முதல் அந்த அறிவிப்பும் நிர்வாகிக்கு மட்டுமே போகிறது. ஓசையின்றி விலகுவது எளிதாகிவிட்டது. திரும்பி வருவது?

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றைச் சேர்ந்தது. இன்று அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் எனச் சிதறிய தோட்டத்து மக்களை இணைத்து வைத்திருப்பது ஒரு புலனக் குழுதான்.

காலை வணக்கப் படங்களும் நாட்டு மருத்துவக் குறிப்புகளும் சலித்துப்போய், இரண்டாம் ஆண்டுத் தேர்வின்போது நான் அதிலிருந்து விலகினேன். சில வாரங்களில், என்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா புந்தோங்கில் காலமானார். செய்தி குழுவில்தான் வந்தது. எனக்குத் தெரிந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. "நீயும் பார்த்திருப்பேன்னுதான் நினைச்சேன்" என்றார் அம்மா. நான் விலகியதே அவருக்குத் தெரியாது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிட்டுக் குரல் வராவிட்டால், "என்ன, காய்ச்சலா?" என்று யாராவது வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்களாம், தாத்தா சொல்வார். வேலை வாங்கத்தான் பெரட்டு. ஆனாலும் வராதவரைத் தேட ஆள் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியே நின்றால் ஒரு காணி நிலமும் வாங்க இயலாத தொழிலாளர்கள், சேர்ந்து நின்று தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம்.

விலகவே கூடாது என்று சொல்லவில்லை. வசையும் மோசடியும் நிறைந்த குழுக்களை விட்டுத் தயங்காமல் வெளியேறுங்கள். ஆனால் இரைச்சலுக்காக உறவை விட வேண்டாம். ஒலியை அடக்கி வைத்தால் போதும். நிர்வாகிகளே, நல்லது கெட்டதுக்கென்று நீங்கள் மட்டும் பதிவிடும் தனிக்குழு ஒன்று அமையுங்கள். விலகியவரை மீண்டும் இழுத்துப் போடுமுன், அழைத்து நலம் கேளுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சித்தப்பாவிடம் கேட்டு நானும் மீண்டும் சேர்ந்தேன். கேலி செய்வார்கள் என்று பயந்தேன். "வாம்மா, சாப்பிட்டியா?" என்றுதான் முதல் பதில் வந்தது. இல்லாதிருந்த வாரங்களின் செய்திகள் திரும்பவில்லை. பெரியம்மாவும் திரும்பப்போவதில்லை.

நண்பர்களே, உங்கள் பெயர் எந்தப் பெரட்டில் விடுபட்டிருக்கிறது? இன்றே ஒருவரை அழைத்துக் கேளுங்கள்.